தத்தை தள்ளிப்போட்ட சீட்டுகள்

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் பேச்சு ஒன்றாக இருந்தது. வேலைதான் வேறு வேறாக இருந்தது. விருந்து வருவதை முன்கூட்டிச் சொல்வது காகத்தின் வேலை. நினைத்த காரியம் நடக்குமா என்று சுவரில் இருந்தபடி சொல்வது பல்லியின் வேலை. ஆந்தைக்கும் ஒரு வேலை இருந்தது. அதை யாரும் விரும்பிப் போய்க் கேட்டதில்லை. கிளிகளுக்கு மட்டும் எந்த வேலையும் இல்லை. பழம் தின்றன, ஊர்வம்பு பேசின, சாயங்காலம் ஆனால் கூட்டமாகக் கத்திக்கொண்டு மரத்துக்குத் திரும்பின.

அந்தக் கூட்டத்தில் தத்தை என்று ஒரு கிளி இருந்தாள். அவள் புருஷன் பெயர் வளையன். ஆண் கிளி எல்லாவற்றுக்கும் கழுத்தில் சிவப்பு வளையம் உண்டுதான். ஆனால் இவனுடையது கொஞ்சம் அகலம். அதில் அவனுக்குப் பெருமை. அவனைவிட அவளுக்கு அதிகப் பெருமை.

மலையில் தினை முற்றிய சமயம், "ரெண்டு கதிர் கொத்திட்டு வந்துடறேன்" என்று கூட்டத்தோடு போனான் வளையன். முட்டையின் மேல் உட்கார்ந்திருந்ததால் தத்தை போகவில்லை. கூட்டம் திரும்பி வந்தது. அவன் வரவில்லை. வலையில் விழுந்திருப்பான் என்றது ஒரு கிளி. வேறு மரம் பார்த்துக்கொண்டான் என்றது இன்னொன்று. நேரில் பார்த்ததாக எந்தக் கிளியும் சொல்லவில்லை.

முட்டை பொரிந்தது, குஞ்சுகள் பறந்தன, தத்தை அதே கிளையில் இருந்தாள். எந்தப் பழத்தைக் கொத்தினாலும் பாதியோடு நிறுத்திவிடுவாள். மீதிப் பாதி அவனுக்கு. அடுத்த நாள் பார்த்தால் அது இருக்காது.

"அக்கா, நீ இன்னும் கொஞ்ச நாள் ஏங்கணும்" என்றது கீழ்க்கிளையிலிருந்த அணில், வாயைத் துடைத்துக்கொண்டு. "எங்க வீட்டுல பிள்ளைங்க ஜாஸ்தி."

தத்தை காகத்திடம் போனாள். "அண்ணே, எனக்காக ஒரு தடவை கரைஞ்சு பாருங்களேன்."

"நான் கரைஞ்சா விருந்தாளிதான் வருவான். புருஷன் வருவதெல்லாம் என் வேலையில சேராது" என்றது காகம். பிறகு அவள் முகத்தைப் பார்த்து மனம் இளகியது. "ஆத்துத்துறைக்குப் போற சாலையில, பூவரச மரத்தடியில ஆதன்னு ஒரு மனுஷன் இருக்கார். அவர்கிட்ட எல்லாருக்கும் சீட்டு இருக்கு. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. நான் கொஞ்ச நாள் இருந்தேன். பளபளன்னு இருந்ததை எல்லாம் கூட்டுக்குக் கொண்டு போயிட்டேன். விரட்டிட்டார்."

அந்த ஆற்றுக்கு அப்பால் ஒரு பனங்காடு இருந்தது. அந்தப் பக்கத்தில் எந்த உயிர் பிறந்தாலும் அங்கே ஒரு ஓலை பழுத்து விழும். ஓலையில் ஒரு படம் இருக்கும். அவற்றைப் பொறுக்கி, ஓரம் நறுக்கி, சீட்டாக்கி, கட்டிக் காப்பது ஆதனின் வேலை. படம் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். யாருடைய சீட்டு எது என்பது மட்டும் தெரியாது. ஆளைக் காட்டும் அடையாளம் எதுவும் மனிதக் கண்ணுக்கு ஓலையில் தெரியவில்லை.

வாசிக்கும் வரைக்கும் படம் வெறும் படம்தான். ஒருவர் கையில் கொடுத்து, ஆதன் வாய்விட்டு வாசித்துவிட்டால் அது அவருக்குப் பலித்துவிடும். அதோடு ஓலையிலிருந்து படம் அழிந்துபோகும்.

தத்தை வந்து கட்டின் மேல் உட்கார்ந்தாள். அலகால் ஒரு சீட்டைத் தொட்டாள். "இது மீன்காரம்மாவோடது" என்றாள். இன்னொன்றைத் தொட்டாள். "இது துறையில படகு கட்டுறவரோட சின்ன மகனுடையது."

ஆதன் எழுந்தே நின்றுவிட்டார். "எப்படித் தாயி சொல்றே?"

"தொட்டாத் தெரியுது ஐயா. அவங்க அவங்க சூடு இருக்கே." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எனக்கும் ஒண்ணு இருக்குமா?"

"இருக்கும். ஆனா பனங்காட்டுக்கு ஒரு சட்டம் இருக்கு. பிறத்தியாருக்கு எடுத்துக் கொடுத்த அலகுதான் தனக்கு எடுக்கலாம். இந்தத் தினை முடிஞ்சுபோச்சு. அடுத்த தினை முத்தட்டும். அது வரைக்கும் வர்றவங்களுக்கு எடுத்துக் குடு. அப்புறம் உன்னுடையதை எடுத்து உன் காலடியில் வை, நான் வாசிக்கிறேன்."

அப்படித்தான் கிளிக்கும் ஒரு வேலை கிடைத்தது.

வந்தவர்கள் பெயரைச் சொல்வார்கள். தத்தை கட்டுக்குள் அலகை விட்டு நேராக அவர்களுடைய சீட்டை உருவுவாள். தேடவே மாட்டாள். பார்த்துப் பார்த்துப் படங்களும் அவளுக்குப் புரிய ஆரம்பித்தன. நிறைகுடம் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். தேர் வந்தவர்கள் போகும்போதே நிமிர்ந்து நடந்தார்கள். பட்ட மரம் வந்தவர்கள் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். காத்திருக்கும் ஆள் இனி வரமாட்டார் என்பது பட்ட மரத்துக்குப் பலன்.

வந்த சில நாளிலேயே தன் சீட்டு எது என்று தத்தைக்குத் தெரிந்துவிட்டது. அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. கட்டின் அடியில் தள்ளி வைத்தாள். தினமும் ஆதன் கட்டை மூடும் முன் அதன் முதுகை ஒருமுறை அலகால் தொட்டுக்கொள்வாள். இருக்கிறது. அது போதும்.

மழை வந்து போனது. ஆறு பெருகி வடிந்தது. ஒரு நாள் காலையில் கிளிக்கூட்டம் மேற்கே மலைப்பக்கம் பறந்தது. தினை முற்றிவிட்டது.

தத்தை தன் சீட்டை உருவிப் புரட்டினாள்.

ஒரு கிளை. அதில் இரண்டு கிளிகள். ஒன்றின் கழுத்தில் வளையம், சற்றே அகலமாக.

"ஐயா! ஐயா, வாசிங்க!"

"இரு தாயி, கையெல்லாம் கஞ்சி" என்று ஆதன் மரத்துக்குப் பின்னால் கை கழுவப் போனார். அந்த நேரத்தில்தான் அவர்கள் வந்தார்கள்.

முன்னால் வந்தவன் பெரியாண்டி. உப்பளத்து ஆள். பின்னால் அவன் தங்கை மாயக்காள், அழுது முடித்த முகத்தோடு.

"கணியரே, சட்டுனு பாத்துச் சொல்லும்" என்றான் பெரியாண்டி. "இவ புருஷன் கூத்தன், உப்பு வண்டியோட மலைக்குப் போனவன், போனவனேதான். செத்தானா இருக்கானான்னு தெரியலை. நானும் எத்தனை நாள் பொறுக்கிறது? அக்கரையில ஒரு நல்ல இடம் வந்திருக்கு. பழைய தாலியை அறுத்துப் புதுசு கட்டிடலாம்னு ஊர்ல பேசி முடிச்சாச்சு. ஓடம் நிக்குது. இவதான் சீட்டுப் பாக்காம ஓடத்துல கால் வைக்க மாட்டேங்கறா."

"வரமாட்டார்னு சீட்டுல வந்தா நானே ஏறிக்கிறேன் அண்ணே" என்றாள் மாயக்காள்.

"கேட்டீரா? என் பேச்சை நம்ப மாட்டா. ஓலைப் பேச்சைத்தான் நம்புவா."

ஆதன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தத்தை தன் சீட்டைக் காலடியில் மிதித்துக்கொண்டு, கட்டுக்குள் அலகை விட்டாள். மாயக்காள் சீட்டை நேராகத் தொட்டாள். பாதி உருவியதுமே படம் தெரிந்தது.

பட்ட மரம்.

மாயக்காள் குனிந்து கிளியிடம் மெதுவாகப் பேசினாள், அண்ணனுக்குக் கேட்காதபடி.

"கிளியம்மா, நான் தினமும் பொழுது சாயறப்ப அவர் கால் கழுவச் செம்புல தண்ணி எடுத்து வாசல்ல வைக்கிறேன். விளக்கு வைக்கிற வரைக்கும் பாத்துட்டு, கத்தரிச் செடிக்கு ஊத்திடறேன். அவருக்கு வச்ச தண்ணி எல்லாம் குடிச்சுக் குடிச்சு அந்தச் செடி என் இடுப்பு உசரம் வளர்ந்து நிக்குது. அக்கரைக்குப் போனா நாளைக்கு யாரு தண்ணி வைப்பா? நடந்து வந்த காலோட அவர் வந்து நின்னா?"

தத்தை அலகை அசைக்கவில்லை. பாதிப் பழத்தைக் கிளையில் விட்டுவிட்டு அடுத்த நாள் வந்து பார்ப்பது என்னவென்று அவளைத் தவிர அங்கே யாருக்குத் தெரியும்?

"என்ன, கிளி தூங்குதா?" என்றான் பெரியாண்டி. "ஓடக்காரன் கத்துறான்."

தத்தை பட்ட மரத்தைக் கட்டுக்குள்ளேயே திரும்பத் தள்ளினாள். காலடியில் இருந்ததை எடுத்தாள். மாயக்காள் உள்ளங்கையில் வைத்தாள்.

ஆதன் பார்த்தார். மனிதர் சீட்டில் வண்டி வரும், மாடு வரும், குடம் வரும். கிளி வந்து அவர் பார்த்ததில்லை. அவர் தத்தையைப் பார்த்தார்.

"தாயி, இது..."

"வாசிங்க ஐயா."

"வாசிச்சா அப்புறம் திரும்பாது தாயி."

"தெரியும். வாசிங்க."

"ஓய், என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கறீர்?" என்றான் பெரியாண்டி எட்டிப் பார்த்து. "கிளிப் படமா போட்டிருக்கு! எங்க வீட்டுப் பொண்ணுக்கு எப்படிக் கிளிப் படம் வரும்?"

"யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் பலன்" என்றார் ஆதன். அதில் பொய் ஒன்றும் இல்லை.  மாயக்காள் கையில் இருந்த ஓலையைப் பார்த்து வாசித்தார். "ஒரு கிளையில ரெண்டு பேர். பிரிஞ்சது சேரும். மலைக்குப் போனவர் தினையோட தினையா வீடு வந்து சேர்வார்."

மாயக்காள் கையில் இருந்த ஓலையில் முதலில் கிளை மங்கியது. பிறகு வளையம். பிறகு இரண்டு கிளிகளும் இல்லை.

பெரியாண்டி ஓடக்காரனைப் பார்த்து, "நீ போப்பா" என்று கையை ஆட்டினான். அவனுக்கும் உள்ளுக்குள் நிம்மதிதான் போலிருந்தது. தங்கையின் தலையில் லேசாகத் தட்டினான். "வா, போய்த் தண்ணி எடுத்து வை."

தினை அறுத்து முடிவதற்குள் கூத்தன் வந்துவிட்டான். வழியில் வண்டி கவிழ்ந்து கால் முறிந்திருக்கிறது. யாரையும் தெரியாத ஒரு மலைக்குடியில், சொல்லி அனுப்ப ஆள் இல்லாமல் படுத்துக் கிடந்திருக்கிறான். அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு மாயக்காள் பூவரச மரத்தடிக்கு வந்தாள். தத்தையின் முன்னால் ஒரு கொய்யாப்பழத்தை வைத்தாள்.

"உன் வாய்ராசி கிளியம்மா. பாரு, நொண்டிக்கிட்டே வந்து நிக்குது."

"ஏன், உன் கத்தரிச் செடி மாதிரி வளர்ந்தா வந்து நிப்பேன்?" என்றான் கூத்தன். அவள் சிரித்த சிரிப்பில் பூவரசில் இருந்த குருவிகள் எல்லாம் எழும்பின.

போகும்போது மாயக்காள் திரும்பிக் கேட்டாள். "உனக்குன்னு யாரும் இல்லையா கிளியம்மா?"

"இருக்காரே" என்றாள் தத்தை. "மலைக்குப் போயிருக்கார்."

அன்று சாயங்காலம் மலைக்குப் போன கிளிக்கூட்டம் திரும்பி வந்தது. தத்தை மரத்தின் உச்சிக்கு ஏறி, ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்தாள். கடைசிக் கிளியும் கடந்துபோன பிறகு கொஞ்ச நேரம் வெறும் வானத்தைப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

ஆதன் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "தாயி, அந்தப் பொண்ணோட சீட்டு இதுக்குள்ளேதான் எங்கேயோ இருக்கு. உன்னுடையதை அவளுக்குக் குடுத்துட்டதால, இனி அவளுடையதுதான் உன் சீட்டு. எடுத்துக் குடு, வாசிச்சுடறேன். தெரிஞ்சுக்கிட்டா மனசு ஒரு நிலைக்கு வரும்."

"வேண்டாம் ஐயா."

"வேற சீட்டு உனக்குக் கிடையாது. ஒரு உயிருக்கு ஒண்ணுதான்."

"வாசிக்காத வரைக்கும் அது வெறும் படம்தானே?"

"வெறும் படம்தான்."

"அப்போ அது அங்கேயே கிடக்கட்டும். பனங்காட்டில் தினமும் ஓலை விழுது. தெரியாத்தனமா எனக்கு இன்னொண்ணு விழுந்திருக்கலாம். நான் பாத்துக்கறேன்."

ஆதன் ஓலைகளை ஒன்றாக அடுக்கிக் கட்டை மூடினார்.  

சில நாள் கழித்து தத்தையே வந்து கேட்டாள். "ஐயா, எனக்கு ஒரு கூண்டு பின்னித் தருவீங்களா?"

"கூண்டா? அது யாராவது கேட்டு வாங்குற சாமானா?"

"சாயங்காலம் கூட்டம் போற சத்தம் கேட்டா இறக்கை தானா விரியுது. என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. நான் பறந்து போன நேரத்துல என் சீட்டு வந்துட்டா? இல்லை, அவரே இந்தப் பக்கம் வந்து, ஆளைக் காணோம்னு திரும்பிட்டா?"

ஆதன் மூங்கிலைப் பிளந்து ஒரு கூண்டு பின்னினார். கதவு வைக்கும்போது, தாழ்ப்பாளை வெளியே வைப்பதா உள்ளே வைப்பதா என்று வெகுநேரம் யோசித்தார். தத்தை உள்ளே போய் உட்கார்ந்து, அவரே வெளியிலிருந்து தாழ் போடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் ஒரு தச்சர் வந்து, மகளுக்கு வரன் அமையுமா என்று கேட்டார். ஆதன் கூண்டைத் திறந்தார். தத்தை நடந்து வந்தாள். முன்பெல்லாம் நேராக அலகை விடுகிறவள், இப்போது மேலிருந்த சீட்டை எடுத்தாள். தொட்டுப் பார்த்தாள். அவளுடையது இல்லை. தள்ளிப் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதுவும் இல்லை. அதையும் தள்ளிப் போட்டாள். ஒன்றின் ஓரத்தில் பட்ட மரத்தின் கிளை தெரிந்தபோது, அதை மட்டும் மற்றவற்றைவிட வேகமாக, தூரமாகத் தள்ளிப் போட்டாள்.

"என்ன கணியரே, கிளி இப்படி இறைக்குது?" என்றார் தச்சர்.

"உம்முடையதைத்தான் தேடுது. பொறும்" என்றார் ஆதன்.

தத்தை தலையைத் தூக்கினாள். தச்சர் கைகளைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவரும் காத்திருக்கிறார். அவள் தன் தேடலை அத்தோடு நிறுத்திக்கொண்டு, அவருடைய சீட்டை உருவி ஆதன் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே நடந்து போய்க் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று முதல்தான், ஜோசியர் கூண்டைத் திறந்துவிட்டாலும் கிளி பறந்து போவதில்லை. நம் பெயரைச் சொன்ன பிறகும் அது சட்டென்று நம் சீட்டை எடுப்பதில்லை. ஒன்றை எடுத்து, தள்ளிப் போட்டு, இன்னொன்றை எடுத்து, அதையும் தள்ளிப் போட்டு, முதலில் தன்னுடையது வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது.