சாயம் போனா கொக்கு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, கழுதைங்க குதிரைங்களுக்கு புத்தி சொல்லிட்டிருந்த காலம்னு வெச்சுக்குங்க, செம்பியூர்னு ஒரு ராஜ்யம் இருந்துச்சு. சின்ன ராஜ்யம்தான். ஒரு கோட்டை, ஒரு குளம், நாலு தெரு. நாலு தெருவுலயும் ஒரே தொழிலு, செம்புப் பாத்திரம் அடிக்கிறது. அண்டா, குடம், சொம்பு. அடிச்சு, புளி போட்டுத் தேய்ச்சு, வெயில்ல கவுத்து வெச்சா மாதுளை முத்து மாதிரி மின்னும். அந்த ஊர்ல பொறந்த குழந்தை முதல்ல கத்துக்கிறதே இதுதான். எது மங்கினாலும் தேய், பளபளன்னு வந்துரும்.

இத ஞாபகம் வெச்சுக்குங்க. இந்த ஒரு நெனப்புதான் அவங்கள நாசமாக்குச்சு.

ராஜா பேரு மகுடசேனன். ஒரு நாள் கண்ணாடி பாத்தாரு, காதோரம் ஒரு நரை. ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் போயி மனுஷன் மூணு நாள் சாப்பிடல, மூணு நாள் தூங்கல, மூணு நாள் யாரு மூஞ்சியிலயும் முழிக்கல. நாலாவது நாள் கோட்டை வாசல்ல ஒருத்தன் வந்து நின்னான். இடுப்பு வரைக்கும் தொங்குற செவப்பு முடி. கண்ணு ரெண்டும் சாம்பல். கையில செவப்புச் சாயம் நெறஞ்ச ஒரு குடுவை. பேரு சாம்பராயன்.

நரைய மறைச்சுத் தர்றேன்னான். ராஜாவுக்கு மட்டும் பூசினா ஊரு சிரிக்கும், ஊருக்கே பூசிரலாம்னான். தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை வந்து புதுசா பூசுறேன், காசு வேணாம்னான். காசு வேணாம்ங்கிறவன் வேற எத எடுத்துக்குவான்னு யாராச்சும் கேட்டாங்களா? கேக்கல. ராஜா சொன்னாரு, எல்லாரும் தலைய நீட்டுனாங்க. பெரியவங்க, சின்னவங்க, தொட்டில்ல கெடந்தது வரைக்கும்.

பூசி முடிச்சப்புறம் சாம்பராயன் குளத்துக்கரையில நின்னு சொன்னான்.

"தொண்ணூறாம் நாள் உச்சிப்பொழுதுல வருவேன். அன்னிக்கு இந்த மண்ணுல நிக்கிற யாரு தலையில சாயம் போயி சாம்பல் தெரியுதோ, அவங்க கொக்கு. இது என் வாக்கு. இத நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

ஜனங்க சிரிச்சாங்க. சாயம் நிக்கிறதுக்கு வழியும் அவனே சொல்லிக் குடுத்தான். கால தரையில ஒரு ஒத ஒதச்சான், கோட்டைக்குள்ள வெந்நீர் ஊத்து ஒண்ணு பீறிட்டு வந்துச்சு. மூணு வேளை அந்த வெந்நீர ஊத்து, மூணு தடவை துணி வெளுக்கிற உவர்மண்ணு போட்டுத் தேய், முடிஞ்சதும் வெயில்ல நின்னு காய வை. உங்க செம்பு மாதிரிதாம்ப்பா தலையும்னான். அவ்வளவுதான், நாலு தெருவும் தலையாட்டிருச்சு.

தேய்ச்சாங்க. மங்குச்சு. அழுக்கு மூடிருச்சு போலன்னு இன்னும் தேய்ச்சாங்க. இன்னும் மங்குச்சு. அந்தச் சாயத்துக்கு அடியில யாரோட பழைய முடியும் இல்லைன்னு அப்பதான் தெரிஞ்சுது. கருப்பும் இல்ல, நரையும் இல்ல. அடுப்புச் சாம்பல்.

முதல் தொண்ணூறாம் நாள் வந்துச்சு. ஊரே குளத்துக்கரையில வரிசையா நின்னுச்சு. சாம்பராயன் ஒவ்வொரு தலையா விரலால பிரிச்சுப் பாத்துட்டே வந்தான்.

அந்த வரிசையில அல்லின்னு ஒரு அம்மா, அவங்களோட ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ தாழை, பூ விழுந்தாலே பதறுறவ. சின்னவ வேம்பு, இடி விழுந்தாலும் ஏன் விழுந்தன்னு அது கிட்ட சண்டைக்குப் போறவ. அந்தம்மாவுக்கு கொக்கு கதையில நம்பிக்கையே இல்ல. சின்னவ பக்கம் திரும்பி, "வேம்பு, அடுப்புல குழம்பு," அப்படின்னு ஏதோ சொல்ல வந்தாங்க.

சாம்பராயன் விரலு அவங்க தலைய தொட்டுச்சு.

பேச்சு பாதியில நின்னுருச்சு. கழுத்து நீண்டுச்சு, நீண்டுட்டே போச்சு. முழங்கால் பின்பக்கமா மடங்குச்சு. கையில சாம்பல் எறகு முளைச்சுது. வேம்பு புடிச்சிட்டிருந்த சேலை முந்தானை காலியாத் தொங்குச்சு. தண்ணிக்குள்ள ஒத்தக்கால்ல ஒரு கொக்கு நின்னுச்சு. கண்ணு மட்டும் அம்மா கண்ணு.

அன்னிக்கு முப்பத்தொம்பது பேரு கொக்கானாங்க. அந்தக் கொக்குங்க மீன் புடிக்கல, தூரமா பறந்தும் போகல. ஊரையே பாத்துட்டு நின்னுச்சுங்க. மிச்சப் பேருக்கு அவன் புது சாயம் பூசிட்டுப் போயிட்டான்.

இவ்வளவு நடந்தப்புறம் ராஜா என்ன பண்ணாருன்னு நெனக்கிறீங்க? சட்டம் போட்டாரு. மூணு வேளை மணி அடிக்கும், எல்லாரும் ஊத்துக்கிட்ட கட்டுன குளியலறைக்கு வந்து தேய்ச்சே ஆகணும். பாத்துக்க ஒரு காவக்காரன், இடும்பன். வழுக்கைத் தலை. ஒத்த முடி கெடையாது. அவனுக்கென்ன பயம்? தேய், நல்லாத் தேய்னு வாசல்ல நின்னு கம்பால தட்டிட்டே இருப்பான்.

தாழை மணி அடிக்காதப்பவும் தேய்ச்சா. மூணு வேளை அஞ்சு வேளையாச்சு. புது சாயம் பூசுன அறுபதாம் நாள் அவ முடி பழைய செங்கல் நெறத்துக்கு வந்துருச்சு. ராத்திரி தூக்கத்துல கூட கை தலையத் தேய்க்கும். கழுத்த அடிக்கடி தடவிப் பாப்பா, நீண்டுருச்சான்னு.

இதுல இன்னொரு கூத்து. வேம்பு குளிக்கப் போறப்பல்லாம் கொக்கு ஒண்ணு ஜன்னல் வழியா வந்து அவ கையக் கொத்தும். சொம்பத் தூக்குனா கொத்தும். உவர்மண்ண எடுத்தா கொத்தும். எந்தக் கொக்குன்னு உங்களுக்குத் தெரியும். கொக்கானதும் அம்மாவுக்கு பாசம் போயிருச்சுன்னு தாழை அழுதா. வேம்புக்கு அது சரியாப் படல. மூணாவது தடவ கொத்துனப்ப சொம்பக் கீழ வெச்சுட்டு, அது எங்க பாக்குதுன்னு பாத்தா. அது குளிச்ச தண்ணி வெளிய ஓடுற காவாயப் பாத்துட்டிருந்துச்சு.

காவாயில தண்ணி செவப்பா ஓடுது.

அவங்க ஊர்ல செம்பத் தேய்ச்சா பச்சைத் தண்ணி வரும், கருப்புத் தண்ணி வரும். அது அழுக்கு. இது செவப்பு. இது அழுக்கில்லையே, சாயமாச்சே. வேம்பு காவாயோடவே நடந்தா. அது கோட்டைச் சுவத்துக்கு அடியில போச்சு, கள்ளிக்காட்டுக்குள்ள போச்சு, கடைசியில ஒரு குகைக்குள்ள போச்சு. நல்ல பகல். ஆனா குகைக்குள்ள எட்டிப் பாத்ததும் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சில்லுன்னு ஆயிருச்சு.

உள்ள ஒரு தொட்டி. தொட்டி நெறைய ஊரு செவப்பு. சாம்பராயன் மல்லாக்கப் படுத்துக்கிட்டு முடிய தொட்டிக்குள்ள தொங்கவிட்டிருந்தான். அந்த முடி, நாக்கு நக்குற மாதிரி சளக் சளக்னு சாயத்தக் குடிச்சுது. அவன் கண்ண மூடிக்கிட்டு, "தேய்ங்க, தேய்ங்க, தேய்ங்க," அப்படின்னு தாலாட்டு மாதிரி முனகிட்டிருந்தான். அவன் முடியோட வேர் மட்டும் சாம்பலா இருந்துச்சு. குடிக்கக் குடிக்க செவப்பு மேல ஏறி அத மூடுச்சு.

அவ வாயப் பொத்திக்கிட்டே பின்னால நடந்தா. வெளிய வந்து ஓடுனா பாருங்க ஒரு ஓட்டம், வீட்டுலதான் நின்னா.

"அக்கா, இனிமே தலைக்கு ஊத்தாத."

"ஊத்தாம? முப்பது நாள்ல நான் கொக்குடி."

"ஊத்துனா பத்து நாள்லயே சாம்பல்டி. சாயம் மங்குறது அழுக்கால இல்ல. நாமளே கழுவிக் கழுவி அவனுக்கு அனுப்பிட்டிருக்கோம்."

"எல்லாரும் தேய்க்கிறாங்களே."

"எல்லாரும் தேய்ச்சுதான் முப்பத்தொம்பது பேரு அங்க நிக்கிறாங்க. தேய்க்காம யாராச்சும் கொக்கானத நீ பாத்தியா? ஒருத்தரச் சொல்லு, நான் வாய மூடிக்கிறேன்."

தாழை கையிலேர்ந்து சொம்ப வாங்கி வேம்பு கிணத்துத் தண்ணிய நெறச்சா. அந்த வாரம் ஒரே ஒரு தடவ, பச்சத் தண்ணியில, கொழகொழன்னு அரைச்ச செம்பருத்தி இலையப் போட்டு, தேய்க்காம சும்மா தடவி அலசிவிட்டா. வெயில்ல நிக்கவிடாம நெழல்ல ஒக்கார வெச்சா. வெளிய போறப்ப தலைய மூடித் துணி கட்டிவிட்டா. கீழ வழிஞ்ச தண்ணிய ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்தாங்க. பச்சையா இருந்துச்சு, இலையோட பச்சை. செவப்பு ஒரு சொட்டு இல்ல.

தாழை அன்னிக்குத்தான் நிம்மதியா ஒரு வாய் சோறு சாப்பிட்டா.

ஆனா மணி அடிக்குமே? அடிச்சுது. வேம்பு குளியலறைக்குப் போயி வெந்நீரத் தரையில ஊத்துவா, கல்ல உவர்மண்ணு போட்டு வரட்டு வரட்டுன்னு தேய்ப்பா. வெளிய இடும்பனுக்கு சத்தம்தான் வேணும். துணிய நனச்சு தலையில கட்டிக்கிட்டு வந்தா அவன் பேசாம விட்டுருவான். பக்கத்து மூணு வீட்டுப் பொம்பளைங்க கிட்ட சொன்னா. அவங்க முதல்ல திட்டுனாங்க, பைத்தியம்னாங்க, அப்புறம் காவாயக் காட்டுனதும் சொம்பக் கீழ வெச்சாங்க. மூணு வீடு ஒம்பது வீடாச்சு, ஒம்பது இருபத்தேழாச்சு. அப்புறம் நாலு தெருவும் கல்லத் தேய்ச்சுது. அப்பவும் நிம்மதி கெடையாது. ஒருத்தர் உளறுனா போதும். மணி அடிக்கிறப்பல்லாம் எல்லாரும் இன்னும் சத்தமா தேய்ச்சாங்க.

எம்பத்தெட்டாம் நாள் இடும்பன் காவாயப் பாத்துட்டான். தண்ணி தெளிவா ஓடுது. ராஜா கிட்ட ஓடுனான். யாரு ஆரம்பிச்சதுன்னு ராஜா கேட்டாரு. நான்தான்னு வேம்பு முன்னால வந்தா. ஏன்னு விளக்கம் சொன்னா, அவரு காதுல ஏறவே இல்ல. சாம்பராயன் கோவப்பட்டா ஊரே அழிஞ்சுரும், தொண்ணூறாம் நாள் இவளையும் இவ அக்காவையும் வரிசையில முதல்ல நிறுத்துங்கன்னுட்டாரு. கேள்வி கேட்டவள முதல்ல பலி குடுக்கிறது அப்பவே இருந்த பழக்கம்தான்.

தொண்ணூறாம் நாள். உச்சிப்பொழுது. காத்து கூட இல்ல. முப்பத்தொம்பது கொக்கும் தண்ணிக்குள்ள அசையாம நின்னுச்சுங்க.

சாம்பராயன் வந்தான். இந்தத் தடவ தலையில பெரிய தலப்பாக. மூஞ்சி சுண்டிப்போயிருந்துச்சு. வேம்பு முடிய விரலால பிரிச்சான். செவப்பு. அடியில, நடுவுல, நுனியில, எல்லாம் செவப்பு. பல்லக் கடிச்சுக்கிட்டு தாழை கிட்ட போனான். அவ முடி மங்கித்தான் இருந்துச்சு, ஆனா மங்குன செவப்பு. சாம்பல் இல்ல.

அவன் இடுப்புலேர்ந்து ஒரு சொம்ப எடுத்தான். ஆவி பறந்துச்சு. "அழுக்கு மறைக்குது. கழுவிப் பாத்துருவோம்," அப்படின்னு தாழை கொண்டையக் கொத்தாப் புடிச்சான். அவ கண்ண மூடிக்கிட்டா. ஒத்தக் கால தன்னால மேல தூக்கிக்கிட்டா. அவ்வளவு பயம்.

"கைய எடு," அப்படின்னா வேம்பு. "எங்க தலையப் பாத்துட்ட. உன் தலை எங்க?"

"என்ன?"

"போன தடவ தலப்பாக இல்லையே. இந்த வெயிலுக்கு எதுக்கு அது?"

"என் தலைய நீ பாக்கணுமா?"

"நீதான சொன்ன? இந்த மண்ணுல நிக்கிற யாரு தலையில சாம்பல் தெரியுதோன்னு. நீ என்ன மானத்துலயா நிக்கிற?"

சாம்பராயன் ஒரு அடி பின்னால வெச்சான். அந்த மண்ண விட்டு ஓடத்தான் பாத்தான். அப்ப ஒரு கொக்கு எழும்புச்சு. எது கொத்துச்சோ அதே கொக்கு. வந்த வேகத்துல தலப்பாகய அலகால கவ்வி இழுத்துச்சு. சுத்து சுத்தா அவுந்து விழுந்துச்சு துணி.

பல நாளா செவப்பு குடிக்காத முடி. வேர்லேர்ந்து நுனி வரைக்கும் சாம்பல்.

சாம்பராயன் ரெண்டு கையாலயும் தலைய மூடப் பாத்தான். மூடுறதுக்கு கை இல்ல, எறகுதான் இருந்துச்சு. வாயத் தொறந்தான், அலகு தொறந்துச்சு. கழுத்து நீண்டுச்சு, நீண்டுட்டே போச்சு. அவன் வாக்கு, அவனாலயே மாத்த முடியல.

அவனோட மாயமும் அதோட கலைஞ்சுது, குளத்துல தண்ணி சலசலன்னுச்சு. ஒருத்தர் ஒருத்தரா முப்பத்தொம்பது பேரும் சேறும் பாசியுமா எழுந்து நடந்து வந்தாங்க. தலையில சாயம் போயிருந்துச்சு. அவங்கவங்க சொந்த முடி இருந்துச்சு, கருப்பு கருப்பா, நரை நரையா.

அல்லியம்மா கரையேறி நின்னாங்க. தாழையப் பாத்தாங்க, வேம்பப் பாத்தாங்க. நின்னுபோன எடத்துலேர்ந்தே பேச்சு வந்துச்சு.

"கொதிக்குது, எறக்கி வைன்னு சொல்ல வந்தேனே. வெச்சியா?"

யார் கிட்டயும் தோக்காத வேம்பு அப்பதான் ஓன்னு அழுதா.

அப்புறம் என்ன, வெந்நீர் ஊத்து வத்திருச்சு. மணிய எறக்கி உருக்கி அண்டா அடிச்சாங்க. இடும்பனுக்கு அந்த அண்டா தேய்க்கிற வேலை. ராஜா தன் நரையோடவே வெளிய வந்து வேம்பு கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. ஊருக்கு இனிமே எந்தச் சட்டம் போட்டாலும் முதல்ல ஏன்னு கேக்குற வேலைய அவளுக்கே குடுத்தாரு. ஆசப்பட்டவங்க செம்பியூர்ல அதுக்கப்புறமும் தலைக்கு செவப்பு பூசிக்கிட்டாங்க, மருதாணியில, அவங்க கையால. வாரத்துக்கு ஒரு தடவ, பச்சத் தண்ணி, செம்பருத்தி இலை, நெழல்ல காய வைக்கிறது, வெயில்ல போனா தலைக்குத் துணி. அந்தச் செவப்பு மாசக்கணக்குல நின்னுச்சு. செம்ப மட்டும் போட்டுத் தேய்ச்சாங்க.

கதை கரையேறிருச்சு, கேட்டவங்க தலையெல்லாம் பத்திரம். அந்தக் குளத்துல இன்னும் ஒரே ஒரு கொக்கு நிக்குதாம். மீன் புடிக்காது. யாராச்சும் சாயம் போட்ட தலையில வெந்நீர ஊத்துனா மட்டும், மெதுவா கழுத்தத் திருப்பிப் பாக்குமாம்.