முல்லை என்ற கணினி

நாற்பது ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு சிறு நிறுவனம் ‘முல்லை’ என்ற மேசைக் கணினியைச் செய்தது. அதை வடிவமைத்தவர் ஆராவமுதன். திரையில் தமிழ் எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகவே வருடக்கணக்கில் தூக்கம் கெட்டு உழைத்தார்.

பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் வாங்கின. ஆனால் அதன் விசைகள் கடினமாக இருந்தன. விரல் வலிக்கிறது என்று தட்டச்சு செய்பவர்கள் முணுமுணுத்தார்கள். வெளிநாட்டுக் கணினிகள் வந்து இறங்கியதும் முல்லையைச் சீந்துவார் இல்லை. நிறுவனத்தை மூடினார்கள். விளம்பரங்களில் முதலாளியின் பெயர் இருந்தது. ஆராவமுதனின் பெயர் எங்குமே இல்லை.

வயதான பிறகு அவர் தவமணி அம்மாவின் ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தார். அம்மா அவரைவிட மிகவும் இளையவர். யாரோ எப்போதோ நன்கொடையாகக் கொடுத்த முல்லை ஒன்று அங்கே இருந்தது. இன்னும் இயங்குகிற முல்லை அது ஒன்றுதான். பழுது வந்தால் அவரே சரிசெய்வார்.

ஒரு நாள் அருங்காட்சியகத்திலிருந்து இருவர் வந்தார்கள். ஆராவமுதன் அம்மாவிடம் போனார்.

“முல்லையைக் கேட்கிறார்கள், அம்மா. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கீழே என் பெயரைப் பொறிப்பார்களாம். கொடுக்கட்டுமா?”

“உங்களுக்கு விருப்பமா?”

“ஆசைப்படுவது தவறா, அம்மா?”

“அதில் ரோசலின் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.”

ரோசலின் ஆசிரம மருத்துவமனையில் செவிலியாக இருந்தவர். இப்போது நரம்புத் தளர்ச்சியால் இரண்டு கைகளும் ஓயாமல் நடுங்கும்.

ஆராவமுதன் விஷயத்தைச் சொன்னார். “உங்களுக்குப் புதிய கணினி வாங்கித் தருகிறேன்.”

“புதியது பக்கத்து அறையிலேயே இருக்கிறது, ஐயா. அதில் கை பட்டாலே எழுத்து விழுகிறது. ‘அ’ என்று வைத்தால் வரி முழுக்க ‘அ’தான். இது அப்படி இல்லை. நானாக அழுத்தினால்தான் எழுதும்.” அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “மகளுக்குக் கடிதம். முடித்துவிட்டுத் தந்துவிடுகிறேன்.”

ஆராவமுதன் நின்று பார்த்தார். நடுங்கும் விரல் விசைகளின் மேல் அங்கும் இங்கும் உரசியது. திரையில் ஒன்றும் விழவில்லை. பிறகு விரல் ஓரிடத்தில் நின்று அழுத்தியது. ஓர் எழுத்து வந்தது.

அவர் திரும்பி வந்தார்.

“தர மாட்டேன் என்றாரா?” என்றார் அம்மா.

“தருகிறேன் என்றார்.”

“பிறகு ஏன் வெறுங்கையோடு வந்தீர்கள்?”

அவர் அம்மாவின் எதிரே உட்கார்ந்தார். “வந்தவர்கள் போனால் போனதுதான், அம்மா. முல்லை என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும்” என்றார்.

“பெட்டியின் கீழே வேறு என்ன பொறிப்பார்கள்?”

“முல்லை எந்த ஆண்டு வந்தது, எந்த ஆண்டோடு முடிந்தது என்று.”

“வந்த ஆண்டைச் சொல்லி அனுப்புங்கள்” என்றார் அம்மா. “மற்றது இன்னும் தெரியவில்லை என்று சொல்லுங்கள்.”