ஈரம் காய்வதற்குள்

நாச்சிமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குரு சௌதாமினி அம்மாவுக்கு நாற்பத்தைந்து. வயதைப் பார்த்தா சீடனாகிறோம்? திருப்பூரில் முப்பது வருஷம் சுவர் விளம்பரம் எழுதிவிட்டு அம்மாவிடம் வந்து சேர்ந்தவர் அவர். புதிய தியான மண்டபத்தின் நீளச் சுவரில் ஓவியம் தீட்டும்படி அம்மா கேட்டிருந்தார். இவரும் சந்தோஷமாகத் தலையாட்டியிருந்தார்.

இத்தாலிக்குச் சொற்பொழிவாற்றப் போனபோது அம்மா அவரையும் கூட்டிப்போனார். அங்கே ஒரு பழைய அரண்மனை. ஐந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு பிரபு கட்டியது. இப்போது டிக்கெட் வாங்கினால் நாச்சிமுத்துவும் நுழையலாம்.

பெரிய கூடத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான்கு சுவரிலும் ஒரே கல்யாண ஊர்வலம். குதிரைகள், கொடிகள், மாடத்திலிருந்து எட்டிப் பார்க்கும் பெண்கள். ஒரு வேட்டை நாய் அவரையே பார்த்தது. இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அப்போதும் அவரையே பார்த்தது. அவருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. தன்னையறியாமல் கைகூப்பினார்.

"அம்மா, மன்னிச்சுக்குங்க. நம்ம மண்டபத்துச் சுவருக்கு வெள்ளையே அடிச்சிரலாம்."

"ஏன்?"

"இதைப் பார்த்ததுக்கப்புறம் நான் பிரஷைத் தொடலாமுங்களா? பனியன் விளம்பரம் எழுதுன கை இது. இதெல்லாம் மனுசன் செஞ்ச வேலையே இல்லீங்கம்மா."

மூலையில் சாரத்தின் மேல் உட்கார்ந்து சுவரைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அம்மா போய் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தாள். ஒரு டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்தாள்.

வெளிச்சம் பட்ட இடமெல்லாம் வயல் வரப்பு போல மெல்லிய விளிம்புகள் தெரிந்தன.

"இது என்னங்கம்மா?"

"ஒரு நாளைக்கு எவ்வளவு வரைய முடியுமோ, அவ்வளவு இடத்துக்குத்தான் சாந்து பூசுவாங்களாம். ஈரம் காயறதுக்குள்ள வரைஞ்சு முடிச்சாகணும். மறுநாள் பக்கத்துல அடுத்த பூச்சு. ஒவ்வொரு வரப்புக்குள்ளயும் இருக்கறது ஒரு நாள் வேலை."

நாச்சிமுத்து மூக்கு இடிக்கிற அளவுக்குச் சுவரை நெருங்கினார். காவலர் இருமினார். ஒரு நாள், மணப்பெண்ணின் முகம். ஒரு நாள், வெறும் வானம். இன்னொரு நாள் பூராவும் ஒரு குதிரையின் பின்னங்கால், அவ்வளவுதான்.

"அந்த நாய்?"

"அதுக்குத் தனியா ஒரு நாள்."

"மொத்தம் எத்தனை நாளுங்க?"

"அறுநூத்துச் சொச்சமாம்."

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். "இருந்தாலும் இதை வரைஞ்சவரு வேறங்கம்மா. இத்தனை பெரிய ஊர்வலத்தை வரைய ஒரு தெம்பு வேணும். எனக்கு அது இல்லீங்க."

அம்மா அந்தப் பெண்ணிடமிருந்து டார்ச்சை வாங்கி அவர் கையில் கொடுத்தார்.

"நல்லாத் தேடிப் பாருங்க. இதுல எந்த நாள்ல அவர் ஊர்வலத்தை வரைஞ்சார்?"