ஒரு நாள் வளையம்

சாரணர் முகாமில் பொறாமைக்கு இடமில்லை என்பார்கள். சும்மா சொல்வதுதான். நேற்று மாலையிலிருந்து ஆசிரியர் மாசிலாமணிக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

காரணம் ஒரு வாகிள். கழுத்து ஸ்கார்ஃபின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கிற சின்ன வளையம். பயிற்சிக்காக முகாமுக்கு வந்த ஆசிரியர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் வளையம்தான் போட்டிருந்தார்கள். பயிற்சியில் தேறியவருக்கு மட்டும் தோலில் பின்னியது. நேற்று அது நூர்தீனுக்குக் கிடைத்தது. அந்த நூர்தீனுக்கு முதல் முடிச்சைச் சொல்லிக்கொடுத்ததே மாசிலாமணி.

விடிந்ததும் முகாம் தலைவர் சவரிராயனிடம் போய் நின்றார். அவர் லாந்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், நேத்து வந்தவனுக்குக் கொடுத்தீங்க. எனக்கு எப்போ?"

"வயிறு எரியுதா?"

"எரியுது சார். பொய் சொல்ல மாட்டேன். இந்த முறையும் இல்லைன்னா நான் ஸ்கவுட்டையே விட்டுடறேன்."

"உட்காருப்பா. ஆரம்பத்துல இந்த வளையமே கிடையாது, தெரியுமா?"

"அப்புறம்?"

"ஸ்கார்ஃபைக் கழுத்துல முடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. துணி கசங்கிப்போச்சு. அவசரத்துக்குக் கழற்றப் போனா முடிச்சு இறுகிக்கிட்டு வராது. அப்புறம்தான் வளையம் வந்துச்சு. தையல் மெஷின் பெல்ட்டுத் தோலை எடுத்து ஒருத்தர் பின்னினாராம். மூங்கில்ல செஞ்சவங்க உண்டு, எலும்புல செஞ்சவங்களும் உண்டு."

"ஆனா தோல்தானே சார் பெருசு?"

சவரிராயன் தன் கழுத்திலிருந்த தோல் வளையத்தை உருவி நீட்டினார். பல வருஷம் போட்டுப் போட்டுக் கறுத்துப்போன வளையம்.

"இந்தா. இன்னைக்கு ஒரு நாள் போட்டுக்கோ. சாயங்காலம் பேசலாம்."

மாசிலாமணி அதை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நூர்தீனும் பார்த்தார்.

"சூப்பரா இருக்கு அண்ணே!"

வாயெல்லாம் பல்லாக அவர் அப்படிச் சொன்னதுதான் மாசிலாமணிக்கு இன்னும் எரிச்சல்.

மதியம் மலை ஓடையைத் தாண்டும்போது எட்வின் என்கிற ஆசிரியர் பாறையில் வழுக்கி விழுந்தார். தோளைப் பிடித்துக்கொண்டு அலறினார். நூர்தீனும் மாசிலாமணியும்தான் பக்கத்தில் இருந்தார்கள். இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

நூர்தீன் கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை ஒரே இழுப்பில் எடுத்தார். வளையம் தெறித்துத் தண்ணீரில் விழுந்தது, போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்வினின் கையை மடக்கிக் கழுத்திலிருந்து தூளிபோலத் தொங்கக் கட்டினார்.

"கை ஆடுது அண்ணே. நெஞ்சோட சேர்த்துக் கட்டணும். உங்க ஸ்கார்ஃபைக் கொடுங்க, சீக்கிரம்!"

மாசிலாமணியின் கை வளையத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. இரவல் வளையம் ஆயிற்றே. இதுவும் தண்ணீரோடு போய்விட்டால்? சட்டைப் பையில் போடலாம் என்று ஈரக் கையால் பித்தானைத் தேடினார்.

அதற்குள் பின்னால் வந்த முகாம் சமையல்காரர் தன் தோள் துண்டை வீசினார். நூர்தீன் அதை வைத்தே கட்டி முடித்தார்.

சாயங்காலம் கொடி இறக்கும்போது நூர்தீன் வெறும் கழுத்தோடு நின்றார். மாசிலாமணிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அதை மறைக்கவும் முடியவில்லை. வரிசை கலைந்ததும் நேராகச் சவரிராயனிடம் போனார்.

"சார், நூர்தீன் வளையத்தை ஓடையில தொலைச்சுட்டான்."

"கேள்விப்பட்டேன்."

"ஒரு நாள்கூட வெச்சுக்கத் தெரியல. அவனுக்கு இன்னொண்ணு கொடுப்பீங்களா?"

"கொடுக்கணும்."

மாசிலாமணியின் முகம் சுண்டிப்போனது.

"என்ன சார் இது, அநியாயமா இருக்கே! நானும்தான் தண்ணியில நின்னேன். உங்க வளையத்துக்கு ஒரு கீறல் உண்டா, பாருங்க. எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கேன்!"

சவரிராயன் கிட்டே வந்து பார்த்தார்.

"வளையம் இருக்கு. ஸ்கார்ஃப்?"

"அதுவும் கழுத்துலயேதான் இருக்கு சார்."

"அதைத்தாம்பா பார்க்கிறேன்."

மாசிலாமணி வளையத்தை உருவி அவரிடம் நீட்டினார்.