மூக்கன்குறிச்சி மெடிக்கலில் முதலில் போனது

மூக்கன்குறிச்சியில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால், பிறந்தபோது வந்தது வந்தபடியே இருக்கிறது. அதிலும் மரகதவல்லியின் கொழுந்தன்மார் மூன்று பேருடையது சீல்கூடப் பிரிக்காதது.

மரகதவல்லி மருந்தாளுநர் படிப்புப் படித்தவள். ஊரில் உள்ள ஒரே மருந்துக்கடை அவள் பேரில் ஓடுகிறது. புருஷன் மஸ்கட்டில். "பயலுவ சும்மாதான இருக்கானுவ" என்று சொல்லி சுடலைமுத்து, இடும்பன், ஒத்தையப்பன் மூன்று பேரையும் மாமியார் கடையில் கொண்டுவந்து விட்டுவிட்டாள். மாமியார் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

அந்த மாதத்தோடு கடை லைசென்ஸ் முடிகிறது. மருந்து ஆய்வாளர் தயாபரன் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து, பழைய லைசென்ஸைப் பார்த்து, கடை ஒழுங்கைப் பார்த்து, புதியதில் கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் கடைக்குப் பூட்டு. மரகதவல்லிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

அவர் வரும் நாள் காலையில் ஓர் அட்டையில் மூன்று விதி எழுதி மாட்டினாள். டாக்டர் சீட்டைப் பார்க்காமல் எதையும் கொடுக்கக் கூடாது. கடையில் எது முதலில் தேதி முடிகிறதோ அது முதலில் போக வேண்டும். வெளியே போனது எதுவும் திரும்பக் கடைக்குள் வரக் கூடாது.

"தம்பிகளா, இன்னைக்கு ஒரு நாளாவது இந்த மூணையும் எழுத்துப் பிசகாமக் கடைப்பிடிங்க. நான் உள்ள உக்காந்து ரிஜிஸ்டர் எழுதுதேன். எதைக் கொடுத்தாலும் என்னைக் கேட்டுட்டுக் கொடுங்க."

"உங்க வாக்குதான் எங்களுக்கு வேதம், மதினி," என்றான் மூத்தவன் சுடலைமுத்து. இவர்களிடம் பயப்பட வேண்டியதே இந்தப் பணிவுக்குத்தான்.

முதல் ஆளாக டீக்கடை குருவையா வந்தார். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார், கையில் டாக்டர் சீட்டு. அதை மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். பின்பக்கத்தையும் பார்த்தார்கள். ஒரு விதி முடிந்தது.

கடைக்குட்டி ஒத்தையப்பன் தலைவலி மாத்திரையை எடுத்தான். இடும்பன் அவன் கையைப் பிடித்தான்.

"அதுல தேதி என்னலே?"

"முடிய இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

"ரெண்டு வருசம் இருக்கிறதுக்கு இப்ப என்ன அவசரம்? அட்டையைப் படி. முதல்ல முடியுறதுதான் முதல்ல போகணும்."

"எனக்கு இப்பத்தான்யா தலை வலிக்கு," என்றார் குருவையா.

"அண்ணாச்சி, உங்க தலைவலியில தேதி ஏதும் போட்டிருக்கா?" என்று சுடலைமுத்து கேட்டான். "போடலைல்லா? அப்ப அது கெட்டுப் போவாது. பொறுங்க."

கடையைத் தலைகீழாகப் புரட்டித் தேதி வரிசையில் அடுக்கினார்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்து ரெண்டு மாதத்தில் முடிவதாகத் தெரிந்தது. அதை எடுத்துக் கவரில் போடும்போது ஒத்தையப்பன் சுவரை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணே, இது இந்த மாசம் முப்பதோட முடியுதே."

அது கண்ணாடி போட்ட லைசென்ஸ்.

"அடப் பாவி, இத்தனை நாளா நம்ம தலைக்கு மேலயே தொங்கியிருக்கு," என்றான் சுடலைமுத்து. "ஆய்வாளர் கண்ணுல பட்டா மதினி கதி என்னத்துக்கு ஆகும்?"

உள்ளே ஓடினான். "மதினி, தேதி நெருங்குனது ஒண்ணு இருக்கு. கொடுத்துரலாமா?"

"சீட்டு இருக்கா?" என்றாள் மரகதவல்லி, ரிஜிஸ்டரை விட்டு நிமிராமல்.

"இருக்கு."

"அப்ப கொடுங்க."

குருவையாவும் இந்த ஊர்க்காரர்தானே. லைசென்ஸ் போட்ட கவரை வாங்கிக்கொண்டு, "சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்றார்.

"பின்னால. முழுங்கிராதீங்க. வெளி உபயோகத்துக்கு மட்டும்," என்றான் சுடலைமுத்து.

நாலு மணிக்கு ஆய்வாளர் வந்தார். எல்லாம் தேதி வரிசையில் இருப்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "லைசென்ஸ் எங்கம்மா?" என்றார்.

மரகதவல்லி சுவரைக் காட்டினாள். அங்கே வெள்ளையாக ஒரு சதுரம் மட்டும் இருந்தது. கொழுந்தன்மாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது காலையிலேயே போயிட்டு மதினி," என்றான் இடும்பன். "நீங்கதான கொடுங்கன்னு சொன்னீய?"

நல்ல வேளையாக அப்போது குருவையா திரும்பி வந்தார். "ரெண்டு வேளை நெத்தியில வச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் கேக்கலை," என்று கண்ணாடிச் சட்டத்தை நீட்டினார். மரகதவல்லிக்குப் போன உயிர் வந்தது. வாங்கப் போனாள். இடும்பன் குறுக்கே வந்து நின்றான்.

"மூணாவது விதி, மதினி. வெளியே போனது உள்ள வரக் கூடாது."

"ஏலே, என் லைசென்ஸ்லே அது!"

இடும்பன் ஆய்வாளரைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க சார். வெளியே போனதைத் திரும்ப வாங்கி அடுக்கலாமா?"

"அடுக்கவே கூடாது," என்றார் ஆய்வாளர். இருபது வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வேறு வழியில்லை. மரகதவல்லியும் ஆய்வாளரும் புதிய லைசென்ஸைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கினார்கள். குருவையா பழையதைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்க, அவர் முதுகில் வைத்து ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை. போட்ட கையோடு பைக்கை எடுத்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மரகதவல்லிக்குக் கண்ணில் நீர் முட்டியது. மூன்று நாளில் முதல் தடவையாகப் பசித்தது. லைசென்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியேறினாள்.

வாசலில் கொழுந்தன்மார் மூன்று பேரும் கைகட்டி நின்றார்கள்.

"மன்னிக்கணும் மதினி," என்றான் சுடலைமுத்து. "நீங்களும் வெளியே போயிட்டீய."

மரகதவல்லி கெஞ்சினாள், திட்டினாள், மஸ்கட்டுக்குப் போன் போடுவேன் என்றாள். மூன்று பேரும் அட்டையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"ஆனா மருந்தாளுநர் இல்லாமக் கடை நடத்துறது தப்பாச்சே," என்றான் ஒத்தையப்பன்.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் இடும்பன்தான் வழி கண்டான். "மதினி உள்ள வரத்தான் கூடாது. கடை வெளியே போகலாம்லா?"

ஆறு மணிக்குள் அலமாரி, குளிர்பெட்டி, கல்லா, நாற்காலி எல்லாம் மரகதவல்லியைச் சுற்றி நடுத்தெருவுக்கு வந்துவிட்டன. மருந்தெல்லாம் தேதி வரிசைப்படிதான் வந்தது. பூச்சி மருந்து முதலில்.

விதி எழுதின அட்டை மட்டும் உள்ளேயே தொங்குகிறது. அதில் தேதி போடவில்லையாம்.