மணியாற்றுக் குதிரைக்கு ஏற்ற கடிவாளம்

முன்னொரு காலத்திலே, மந்திரவாதிகள் பட்டப்பகலில் சந்தைக்கு வந்துபோன காலத்திலே, சுனைக்கோட்டை என்று ஓர் ஊர் இருந்தது. ஊரைச் சுற்றி மணியாறு ஓடியது. ஊரை ஆண்டவர் அதிசூர ராஜா, பெயரில்தான் சூரம். அவர் குதிரைகளுக்குக் கடிவாளம் அடித்துக் கொடுத்தவள் பட்டறைக்காரி உலகம்மை. இது அவள் கதை. கேட்கக் கேட்க அவளுக்கு வந்த எரிச்சல் உங்களுக்கும் வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் சண்டகேது என்ற மந்திரவாதிக்கும் ராஜாவுக்கும் ஏதோ வாய்த்தகராறு. "அப்படியா சேதி!" என்று அவன் ஒரு பிடி சாம்பலை ஆற்றில் எறிந்தான். ஆறு சுருண்டது, எழுந்தது, நான்கு காலில் நின்றது. வெள்ளைவெளேரென்று ஒரு பெண்குதிரை! ஆறு ஓடிய இடத்தில் மணல்தான் மிச்சம்.

"மூன்று நாள் தருகிறேன். யாராவது இதற்குக் கடிவாளம் போட்டு, ஏறி, கோட்டையைச் சுற்றி வந்து, இதே துறையில் நிறுத்தினால் ஆறு திரும்பும். இல்லையென்றால் குதிரை எனக்கு" என்று சொல்லி, அரசமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான்.

குதிரை எதையோ சொல்ல வாயைத் திறந்தது. திறந்த வாயில் பத்துப் பேர் சேர்ந்து இரும்பைத் திணித்தார்கள்.

அந்த இரும்பு எந்த அளவில் அடித்தது தெரியுமா? ராஜாவின் கை அளவில்! கடிவாளத்தைப் பிடிப்பது ராஜாவின் கை, ஆகவே அளவும் அந்தக் கைதான். ஆறு தலைமுறையாக இப்படி. மந்திரி பட்டுக்கயிற்றோடு வந்து ராஜாவின் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை அளப்பார். அதிசூரரின் கையோ, விரித்தால் முறம்.

முதல் நாள் ராஜா ஏறினார். குதிரை பறந்தது. இழுத்தார், நிற்கவில்லை, கடைசியில் அவரை வைக்கோல்போரில் உதறிவிட்டு லாயத்துக்குப் போயிற்று.

"பலசாலிக் குதிரை. இன்னும் கனமாக அடி" என்றார் மந்திரி.

"ஐயா, ஒரு தடவை அதோட வாயைப் பாத்துட்டு அடிக்கட்டுமா?" என்றாள் உலகம்மை.

"ராஜா ஏறும் குதிரையின் வாயைக் கண்டவர்களும் பார்ப்பதா? வழக்கமில்லை."

இரண்டாம் நாள் கனமான இரும்பு. குதிரை இன்னும் வேகமாகப் பறந்தது. ராஜா எருக்குழியில் விழுந்தார்.

"முள் வைத்து அடி!"

"அந்த வாயைக் கொஞ்சம் பாத்துட்டு..."

"வழக்கமில்லை என்றேனே!"

மூன்றாம் நாள் கிணறெல்லாம் வற்றிவிட்டது. உலகம்மையின் தெருவில் பிள்ளைகள் ஈரமணலைத் தோண்டி நக்கினார்கள். நான்கு வீட்டார் வண்டி பூட்டிக்கொண்டு நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் ஆறு போய்விடும், ஆறு போனால் ஊரும் போய்விடும். ராஜாவோ முள் கடிவாளம் எங்கே என்று ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். உலகம்மைக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. "நீங்களும் உங்க வழக்கமும்!" என்று சுத்தியலை வீசிவிட்டு நேரே லாயத்துக்குப் போய், குதிரையின் வாயிலிருந்த இரும்பைக் கழற்றினாள்.

"அப்பாடா!" என்றது குதிரை. "மூணு நாளா சொல்ல வாரேன். வாயைத் தொறந்தா இரும்பைத் திணிக்கிறீங்க. உங்களுக்கெல்லாம் காது எதுக்கு?"

உலகம்மை பயப்படவில்லை. அவளுக்கு இருந்த எரிச்சலில் பயத்துக்கு இடமில்லை. "ஏன் நிக்க மாட்டேங்கற?"

"இழுத்தா மேல்வாயில குத்துது. குத்துனா ஓடாம என்ன செய்வேன்? கனமா போட்டீங்க, இன்னும் குத்துச்சு, இன்னும் ஓடுனேன். பலம் எனக்கு இருக்கட்டும் தாயி, வாய் எல்லாருக்கும் சதைதானே?"

உலகம்மை குதிரையின் வாய்க்குள் பார்த்தாள். புண்ணைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. தான் அடித்த இரும்புதானே! விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை உருவி, உதட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வைத்து ஒடித்தாள். ராஜாவின் அளவில் பாதிதான் வந்தது. பட்டறைக்கு ஓடி, அந்த அளவுக்கு விரல் தடிமனில், ஒரு பிசிறில்லாமல் வழவழவென்று அடித்தாள். ஆறவைத்து எடுத்து வந்து நீட்டினாள். குதிரை தானே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

அவளே ஏறினாள். மந்திரி, "வழக்கமில்லை! வழக்கமில்லை!" என்று பின்னாலேயே ஓடினார். கோட்டையை ஒரு சுற்று, ஒரே சுற்று. துறை வந்ததும் வாரை இரண்டு விரலால் மெல்ல இழுத்தாள். குதிரை நின்றது.

சண்டகேது பதறி எழுவதற்குள் குதிரை தண்ணீராகச் சரிந்தது. வந்த வெள்ளம் அவனை வாரிச் சுருட்டிக்கொண்டு போனது. இடுப்பளவு நீரில், கடிவாளமும் கையுமாக நின்றாள் உலகம்மை. கரையில் ஊரே அழுதது, சிரித்தது.

ராஜாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பலே உலகம்மா! என் முந்நூறு குதிரைக்கும் உடனே அடித்துக் கொடு. இதே அளவில்!"

மந்திரி பட்டுக்கயிற்றை எடுத்துக்கொண்டு அந்தக் கடிவாளத்தை அளக்க ஓடிவந்தார்.

உலகம்மை தலையில் அடித்துக்கொண்டாள். "மகாராஜா, உங்க செருப்பைக் கழட்டி மந்திரி ஐயாவுக்குக் குடுங்க. போட்டுக்கிட்டு நடக்கச் சொல்லுங்க."

மந்திரி போட்டார், நான்கடி நடந்தார், தடுக்கிக் குப்புற ஆற்றில் விழுந்தார். ராஜா தன் காலைப் பார்த்தார், மந்திரியைப் பார்த்தார், கடிவாளத்தைப் பார்த்தார். "அடடா" என்றார். அன்றே லாயம் முழுவதையும் உலகம்மையின் பொறுப்பில் விட்டார்.

சுனைக்கோட்டை குடம் குடமாகக் குடித்துக் குளிர்ந்தது. கேட்ட நாமும் குளிர்ந்தோம். உலகம்மை மட்டும், விடிந்தால் முந்நூறு வாயைப் பார்க்க வேண்டுமே என்று முனகிக்கொண்டே, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள்.