இரண்டாவது ஹீட்டர்

குன்னூர்க் குளிரில் லாட்ஜ் நடத்தும் மேனேஜர் குற்றாலிங்கம் வைத்ததுதான் சட்டம். எந்த அறையும் ஐநூறு வாட்டைத் தாண்டக் கூடாது. இதற்காக ஒவ்வொரு கதவுக்கும் வெளியே மீட்டர் மாட்டியிருந்தார். காலையில் எழுந்ததும் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிப் பார்த்தால்தான் அவருக்குக் காபி இறங்கும்.

அங்கே தங்கியிருந்த, திருவிழாக்களுக்கு சீரியல் லைட் கட்டும் சாம்ராஜ், வாளியில் ஹீட்டர் போட்டு அவரிடம் மாட்டிக்கொண்டான்.

"இருநூறு வோல்ட், அஞ்சு ஆம்பியர். ஆயிரம் வாட்! நாளைக்கு ஐநூறுக்குள்ள வெந்நீர் வை, இல்லேன்னா ரூமைக் காலி பண்ணு."

கடையில் ஆயிரம் வாட் ஹீட்டர் மட்டும்தான் இருந்தது. சாம்ராஜ் அதில் இன்னொன்று வாங்கினான்.

மறுநாள் வாளிக்குள் இரண்டு ஹீட்டர். மேனேஜர் லாட்ஜையே கூட்டிவிட்டார். "பாருங்கய்யா, இப்ப ரெண்டாயிரம் வாட்."

"மீட்டரையும் பாருங்க சார்."

இருநூறு வோல்ட், இரண்டரை ஆம்பியர். பெருக்கினால் ஐநூறு. மீட்டரைத் தட்டினார், முள் அசையவில்லை.

"சீரியல் லைட் மாதிரி ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா கோத்துட்டேன் சார். ஒண்ணோட தடை நாப்பது ஓம், ரெண்டும் சேந்தா எம்பது. அதான் கரண்ட் பாதியாயிடுச்சு. தண்ணி மெதுவாத்தான் சுடும், எனக்கென்ன அவசரம்."

சிரிப்புக்கு நடுவே யாரோ மேனேஜர் அறை மீட்டரை எட்டிப் பார்த்தார். ஐந்து ஆம்பியர். கதவிடுக்கில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

சாம்ராஜ் பணிவாகக் கேட்டான். "உங்களுக்கும் இன்னொண்ணு வாங்கிட்டு வரவா சார்?"